சகலை வீட்டுச் சூடு

அக்காவைக் கட்டியவனும் தங்கையைக் கட்டியவனும் ஒருவருக்கொருவர் மனதார நல்லது நினைத்ததாக யாராவது சொன்னால், அந்த ஆள் சொல்லும் வேறு எதையும் நம்ப வேண்டாம். சகலை என்கிற உறவே ஒரு மாமனார் இரண்டு பேரைத் தராசில் வைத்துப் பார்ப்பதற்காக ஏற்பட்டதுதான். நம்ம பாய்லர்காரர் மூத்த மாப்பிள்ளை. முதலில் தட்டில் ஏறியவர். எதிர்த் தட்டு காலியாக இருந்த ஆறு வருஷமும் தன் எடை ரொம்பச் சரி என்று நம்பிக்கொண்டிருந்தவர்.

பத்தொன்பது வருஷமாக அவருக்கு ஒரே வேலை. நான்கு கட்டடம், நூற்றுப் பன்னிரண்டு வீடு, எல்லாவற்றுக்கும் பொதுவாகத் தரைக்கடியில் ஒரு பாய்லர் அறை. அங்கே காய்கிற தண்ணீர் குழாய் வழியாக ஒவ்வொரு வீட்டுக்கும் ஏறிப் போய், ஜன்னலுக்குக் கீழே நிற்கிற இரும்பு ஹீட்டர்களைச் சூடாக்கிவிட்டு, ஆறிப்போய்த் திரும்பி வரும். வெளியே முழங்கால் அளவு பனி கிடக்கும்போது உள்ளே ஜனங்கள் பனியனோடு உலாத்துவது அவர் புண்ணியத்தில். ஆனால் வீடு கதகதப்பாக இருக்கும் நாளில் எவனும் பாய்லர்காரரை நினைப்பதில்லை. மூக்கு நுனி சில்லென்றால்தான் தொலைபேசி அடிக்கும்.

மேஜை மேல் ஒரு திரை இருந்தது. எந்தக் குழாயில் எத்தனை டிகிரி என்று அது நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டே இருக்கும். அவர் அதைக் கண்டுகொள்வதில்லை. குழாயைப் புறங்கையால் தொடுவார். "உள்ளங்கை பொய் சொல்லும், அதுக்குப் பழக்கம் ஜாஸ்தி. புறங்கைதான் உள்ளதைச் சொல்லும்" என்பார். தேன் எடுப்பவன் புறங்கையை நக்குவான். இவருக்குப் புறங்கையே தெர்மாமீட்டர். தொட்டுவிட்டு, "அம்பத்தி மூணு" என்பார். போய்த் திரையில் பார்த்தால் ஐம்பத்து மூன்று இருக்கும். மகளுக்கு ஏழு வயதானபோது அவளுக்கும் இதைச் சொல்லிக்கொடுத்தார். அந்த வித்தையில் அவளும் தேறிவிட்டாள்.

போன இலையுதிர் காலத்தில் ஒரு நாள் அந்தப் புறங்கையே வெந்து போனது. வால்வு கசிந்து கொதிநீர் பட்டு நான்கு விரல் அகலத்துக்குக் கொப்புளம். ஏதோ யோசனையில் இருந்தவர் வீட்டுக்கு வந்துதான் கவனித்தார். "சுட்டது கூடத் தெரியலையா? கை மரத்துப் போச்சா உங்களுக்கு?" என்று மனைவி மருந்து போட்டபடியே திட்டினாள். மகள் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். பத்து நாளில் ஆறிவிட்டது.

வேலைக்காரருக்கென்று கொடுத்த வீடு பாய்லர் அறைக்கு நேர் மேலே. அடுப்பு மேல் வைத்த பாத்திரத்துக்குள் குடியிருப்பது மாதிரி. மார்கழிக் குளிரிலும் ஜன்னலைத் திறந்துவைத்தால்தான் மூச்சு விடலாம். கண்ணாடிக் கடையில் அரை நாள் வேலை பார்த்துவிட்டு வரும் மனைவி, வந்ததும் காலணியைக்கூடக் கழற்றாமல் மின்விசிறியைப் போடுவாள். மூன்று பேர், மூன்று அறை, மூன்று கதவு. பதினாலு வயது மகளின் கதவு எப்போதும் சாத்தியே இருக்கும். இப்படிப்பட்ட வீட்டில் குளிருக்கு உடுப்பு எதற்கு? அவரிடம் இருந்தது கம்பெனி கொடுத்த ஜாக்கெட் ஒன்று. கண்ணைப் பறிக்கிற ஆரஞ்சு நிறம், குறுக்கே இரண்டு வெள்ளிப் பட்டை. அதைத்தான் வேலைக்கும் போடுவார், விசேஷத்துக்கும் போடுவார்.

இனி சகலை. நேரில் 'நீங்க', 'வாங்க' என்பார், மனதுக்குள் 'அவன்'தான். நாமும் அப்படியே வைத்துக்கொள்வோம். அவனுக்கு ஒரு பெரிய துணிக்கடையில் வேலை. விற்பனை இல்லை. கடைவாசல் கண்ணாடிக்குப் பின்னால் நிற்கும் பொம்மைகளுக்கு உடை மாட்டுபவன். எந்தக் கோட்டுக்கு எந்த மஃப்ளர், காலரை எவ்வளவு தூக்கிவிடுவது, கையுறையைப் போட்டுவிடுவதா கையில் பிடிக்கவிடுவதா என்பதெல்லாம் அவன் படிப்பு. பருவம் முடிந்ததும் பொம்மைகள் கழற்றிப் போட்டதைக் கடை ஆட்களுக்குச் சல்லிசாகக் கொடுப்பார்கள். ஆகவே அவன், அவன் மனைவி, இரண்டு பையன்கள் ஆக நான்கு பேரும் எந்நேரமும் கண்ணாடிக்குப் பின்னாலிருந்து இறங்கி வந்தவர்கள் போலவே இருப்பார்கள். ஆள் பாதி ஆடை பாதி என்பது உலக வழக்கு. சகலையிடம் ஆள் கால், ஆடை முக்கால் என்பது பாய்லர்காரர் கணக்கு.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவர்களுக்கு வீடு தேடியபோது, மூன்றாவது கட்டடத்தில் நாலாவது மாடி இடது பக்கம் காலியாகிறது என்று துப்புச் சொன்னதே இவர்தான். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்ட கதை. அதுவரை மாமனார் வீட்டு விசேஷத்தில் மட்டும் பார்க்கவேண்டியிருந்த முகத்தை அதன் பிறகு தினம் பார்க்கவேண்டியதாயிற்று.

அந்தக் குளிர்காலத்தின் முதல் கனத்த பனி ஒரு சனிக்கிழமை விழுந்தது. மறுநாள் எல்லோருமாகப் பூங்காவுக்குப் போனார்கள். குளம் உறைந்து, சறுக்குக் காலணி போட்டவர்கள் சுற்றிக்கொண்டிருந்தார்கள். சகலை முழங்கால் வரை தொங்கும் ஓவர்கோட்டில் வந்தான், பால் கூடுதலாக விட்ட காபி நிறத்தில். அவன் மனைவி கத்தரிப்பூ நிறக் கோட்டில், இடுப்பில் பெல்ட். பையன்கள் இருவருக்கும் கடுகு மஞ்சளில் ஒரே மாதிரி ஸ்வெட்டர், ஒரே மாதிரி தொப்பி. வந்தவன் சும்மா இருந்தானா? பையிலிருந்து ஒரு பாசிப்பச்சை மஃப்ளரை எடுத்து, பாய்லர்காரர் மகளின் கழுத்தில் இரண்டு சுற்றுச் சுற்றி, ஒரு முனையை முன்னாலும் ஒரு முனையைப் பின்னாலும் விட்டான். அவ்வளவுதான். ஒரு நிமிஷத்தில் அவள் அந்தக் குடும்பத்துப் பெண் மாதிரி ஆகிவிட்டாள். பாய்லர்காரருக்கு வயிற்றில் ஒரு பர்னர் பற்றிக்கொண்டது.

எல்லோரும் ஒன்றாக நின்று படம் எடுப்பது என்று முடிவாயிற்று. அந்த நேரம் பார்த்து ஒரு பெரியவர் பனியில் தட்டுத்தடுமாறி நேரே பாய்லர்காரரிடம் வந்தார்.

"தம்பி, இந்தப் பக்கம் பாதை மூடியிருக்கா? எந்தப் பக்கமா போகணும்?"

ஆரஞ்சு ஜாக்கெட்டைப் பார்த்துப் பூங்கா ஊழியர் என்று நினைத்துவிட்டார். பாய்லர்காரரும் வாய் தவறி, "அந்தப் பக்கமா போங்கய்யா, இங்க வழுக்கும்" என்று கைகாட்டிவிட்டார். எல்லோரும் சிரித்தார்கள். மகளும் சிரித்தாள். அவரும் சிரித்தார், சிரிப்பு வாயோடு நின்றுவிட்டது.

"அண்ணே, இதைப் போட்டுக்கிட்டு ஒரு போட்டோவுக்கு நில்லுங்க" என்று சகலை தன் ஓவர்கோட்டைக் கழற்றி நீட்டினான்.

"வேணாம், எனக்கு வேர்க்கும். நீங்க நில்லுங்க, நான் எடுக்கறேன்."

ஆகவே அந்த ஞாயிற்றுக்கிழமையின் முப்பத்திரண்டு படங்களில் அவர் எதிலுமே இல்லை. மகள் அதில் ஒன்றைத் தன் கைபேசியின் முகப்பில் வைத்துக்கொண்டாள். சித்தப்பா, சித்தி, தம்பிகள், அம்மா, அவள். யார் பார்த்தாலும் குறை சொல்ல முடியாத நிறைவான குடும்பம்.

இரண்டு நாள் கழித்துச் சாப்பிடும்போது மகள் கேட்டாள்.

"அப்பா, லீவு விட்டதும் சித்தப்பா வீட்ல இருந்துக்கட்டுமா? பத்து நாளும்."

"ஏன், இங்க என்ன குறைச்சல்?"

"இங்க என்ன இருக்கு? நீங்க கீழ இருப்பீங்க, அம்மா ஃபேன் போட்டுக்கிட்டுப் படுத்திருப்பாங்க. அங்க ஜாலியா இருக்கும்."

"போகட்டுமே. பக்கத்துக் கட்டடம்தானே" என்றாள் மனைவி.

இவர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். ஒரே பிள்ளை. அதையும் கொண்டுபோய் அவன் கையில் கொடுத்துவிட வேண்டுமாம்.

ஒவ்வொரு மாடியிலும் படிக்கட்டுப் பக்கத்தில் ஓர் இரும்பு அலமாரி உண்டு. அதற்குள் வீட்டுக்கு ஒரு வால்வு. ஒவ்வொரு வால்விலும் சூட்டைக் கூட்டிக் குறைக்க ஒன்றிலிருந்து எட்டு வரை எண். எந்த வீட்டுக்கு எந்த எண் என்று கதவின் உள்பக்கம் பென்சிலில் எழுதியிருக்கும், அவர் கையெழுத்தில். சாவி அவர் இடுப்பில். மறுநாள் காலை மூன்றாவது கட்டடத்தில் ஏதோ பார்ப்பதற்குப் போனவர், நாலாவது மாடியில் நின்றார். இடது பக்க வீடு: ஆறு. திருகி நாலில் வைத்தார்.

அவர் கெட்டவர் இல்லை. யாரும் விறைத்துச் சாக வேண்டும் என்று நினைக்கவில்லை. அவருக்கு வேண்டியது ஒரே ஒரு காட்சி. சகலை அந்தக் காபி நிறக் கோட்டை வீட்டுக்குள்ளேயே போட்டுக்கொண்டு, கைகளைத் தேய்த்தபடி பாய்லர் அறைக்கு இறங்கி வர வேண்டும். "அண்ணே, வீடு ரொம்பக் குளிருது, நீங்க வந்து பார்த்தாத்தான் ஆகும்" என்று மகளுக்கு எதிரில் சொல்ல வேண்டும். இவர் உடனே எழுந்துவிட மாட்டார். "இருக்கற வேலையை முடிச்சிட்டு வரேன்" என்பார். பிறகு போய், புறங்கையால் தொட்டுப் பார்த்து, இரண்டு நிமிஷத்தில் சரிசெய்துவிட்டு, டீ கூடக் குடிக்காமல் வந்துவிடுவார். இந்தக் காட்சியை மனதுக்குள் எத்தனை தடவை ஓட்டினார் என்பதற்குக் கணக்கில்லை.

இதில் ஆபத்து ஒன்று இருந்தது. புதிதாக வந்த நிர்வாகி அம்மா ஒரு குளிர்காலத்தில் மூன்று புகார் எழுத்தில் வந்தால் வேலையை வெளிக் கம்பெனிக்குக் கொடுத்துவிடுவதாகச் சொல்லியிருந்தாள். இரண்டு ஏற்கெனவே வந்தாயிற்று. ஆனால் வீட்டு மனுஷன் எழுதியா கொடுப்பான்? நேரில்தான் வருவான்.

வரவில்லை. நான்கு நாள் பார்த்தார். புகார்ப் புத்தகத்தையும் புரட்டிப் பார்த்தார். அதிலும் ஒன்றும் இல்லை. நாலை மூன்றாக்கினார்.

அப்போதும் வரவில்லை. அதற்குப் பதிலாகச் செய்திதான் வந்தது. விடுமுறைக்கு இன்னும் இரண்டு வாரம் இருக்கும்போதே மகள் பள்ளி விட்டதும் நேரே அங்கே போக ஆரம்பித்தாள். ராத்திரிச் சாப்பாட்டுக்குத்தான் வந்தாள், வந்ததும் வாய் ஓயவில்லை. சித்தப்பா கடையிலிருந்து எல்லோருக்கும் தடித் தடியாக ஸ்வெட்டர் கொண்டுவந்திருக்கிறாராம். இப்போதெல்லாம் அங்கே யாரும் தனி அறையில் இருப்பதில்லையாம். மற்ற அறைகளைச் சாத்திவிட்டு எல்லோரும் ஹாலில்தானாம். ஒரே பெரிய போர்வைக்குள் ஐந்து பேரும் உட்கார்ந்து சீட்டாட்டமாம். தினம் சாயங்காலம் ஃபேஷன் ஷோவாம்: ஹால் நடுவில் பாதை மாதிரி கம்பளம் விரித்து, ஒவ்வொருவராக மஃப்ளரும் தொப்பியும் மாற்றி மாற்றிப் போட்டு நடந்து வர வேண்டும், சின்னவன் மார்க் போடுவான். சித்தி அவளுக்குப் பின்னல் ஊசி பிடிக்கச் சொல்லிக்கொடுக்கிறாளாம்.

பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காக முடிந்தது. குளிரை அனுப்பினால் அவன் அதற்கும் ஓர் உடையை மாட்டிக் கண்ணாடிக்குள் நிறுத்திவிட்டான். பாய்லர்காரர் மூன்றை இரண்டாக்கினார்.

இரண்டாவது வாரத்தில் மனைவியும் போக ஆரம்பித்தாள். "அங்க போனா ஒரு ஸ்வெட்டரைப் போட்டுக்கிட்டு உட்கார்ந்தோம், சிரிச்சோம்னு இருக்கு. இங்க வேர்வையைத் துடைக்கறதுக்கே நேரம் சரியா இருக்கு" என்றாள்.

வீட்டில் தனியாக உட்கார்ந்து யோசித்தார். குளிரினால்தானே அங்கே எல்லோரும் ஒட்டிக்கொண்டு உட்காருகிறார்கள்? நம் வீட்டையும் குளிரவைத்தால் என்ன? தன் வீட்டு ஹீட்டரை முழுசாக மூடினார். பாய்லர் தலைமேல் குடியிருப்பவனுக்கு அதனால் என்ன ஆகும்? தரை சுட்டுக்கொண்டே இருந்தது. சளைக்காமல் எல்லா ஜன்னலையும் அகலத் திறந்துவைத்தார். பனி உள்ளே வந்து சமையல் மேடையில் விழுந்தது. கால் சுட, காது விறைக்க, மூன்று பேரும் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தார்கள்.

"எல்லாரும் இப்படிப் பக்கத்துல வந்து உட்காருங்களேன்" என்றார்.

மனைவி அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "உங்களுக்குக் குளிர் விட்டுப் போச்சு. என்கிட்ட இருந்த கொஞ்ச நஞ்ச பயமும் போயிடுச்சு. வாடி, உங்க சித்தி வீட்டுக்குப் போவோம். அங்கயாவது குளிருக்கு ஏத்த துணி இருக்கு."

இரண்டு பேரும் போய்விட்டார்கள். ஜன்னல்களை அவரே சாத்தினார்.

பொறுக்க முடியாமல் ஒரு நாள் அவரே அங்கே போனார். பல்லைக் கடித்துக்கொண்டு நடுங்குவார்கள், அதையாவது பார்ப்போம் என்று. கதவைத் திறந்த சகலை, சாம்பல் நிறத்தில் முன்னால் மரப் பொத்தான் வைத்த ஸ்வெட்டர் போட்டிருந்தான். அவனைப் பிடித்துக் கடைவாசலில் நிறுத்தினால் நாலு பேர் உள்ளே வருவார்கள். ஹாலில் மஞ்சள் விளக்கு. போர்வைக்குள் பையன்கள், மகள், மனைவி, மச்சினி. சூடான சூப் கோப்பைகள். அவர் நுழைந்ததும் எல்லோரும் நகர்ந்து இடம் விட்டார்கள். அவர் போய் ஜன்னலோரம் நின்று, யாரும் கவனிக்காத மாதிரி ஹீட்டரைப் புறங்கையால் தொட்டார். இருபத்தாறு. மீன் தொட்டியைத் தொட்ட மாதிரி இருந்தது.

"வீடு கொஞ்சம் சில்லுனு இருக்கோ?" என்றார்.

"அதெல்லாம் இல்லண்ணே. நல்லாத்தானே இருக்கு" என்றான் சகலை.

"குளிர்காலம்னா கொஞ்சம் குளிரத்தானே செய்யும், மாமா" என்றாள் மச்சினி. சின்னவன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். அவன் வாயில் அவள் ஒரு பிஸ்கட்டை வைத்தாள்.

ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அந்த நிமிஷமே போய் ஆறில் வைத்திருப்பார். ஒரு வார்த்தை. கேட்கவில்லையே. அவன் குளிரில்கூட இவர் தயவு தேவைப்படாமல் வாழ்கிறான். சூப்பை மிச்சம் வைக்காமல் குடித்துவிட்டு, வயிறு எரிய இறங்கி வந்தார்.

விடுமுறையின் நாலாம் நாள், காலை பத்து மணி இருக்கும். மகள் பாய்லர் அறைக்கு வந்தாள். அவள் அங்கே வந்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. கழுத்தில் அந்தப் பாசிப்பச்சை மஃப்ளர்.

"அப்பா, ஒரு விளையாட்டு. கண்ணை மூடிக்கோங்க. நான் கையைப் பிடிச்சு ஒவ்வொரு குழாயா வைப்பேன். எவ்வளவு சூடுன்னு சொல்லணும்."

அவருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. சித்தப்பாவை விட்டுவிட்டு நம்மிடம் விளையாட வந்திருக்கிறாள். மஃப்ளரைக் கழற்றி அவர் கண்ணைக் கட்டினாள். கையைப் பிடித்து நடத்தினாள்.

"அறுபத்தி ரெண்டு" என்றார் முதல் குழாயில். "இது திரும்பி வர்றது. நாப்பத்தி ஏழு. இது... ஏமாத்தறியா? இதுல தண்ணியே ஓடல. இது எழுபது, ஒண்ணு ரெண்டு கூட இருக்கும்."

ஒவ்வொரு தடவையும் அவள் ஓடிப்போய்த் திரையைப் பார்ப்பது கேட்டது. ஏழு குழாய். ஏழும் சரி. பாய்லர்காரர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு கண்கட்டை அவிழ்த்தார். மகள் கண்ணில் தண்ணீர் நின்றது.

"என்ன பாப்பா?"

"கை நல்லாத்தான் இருக்கு உங்களுக்கு."

"அதுக்கென்ன குறை?"

"வெந்து போன அன்னைக்கு உங்களுக்கு ஒண்ணுமே தெரியலல்ல. மரத்துப் போயிடுச்சுன்னு நினைச்சேன்ப்பா. சித்தப்பா வீட்டு ஹீட்டர் மூணு வாரமா சில்லுனு இருக்கு. நான்தான் முதல்ல தொட்டுப் பார்த்தேன். சித்தப்பா எழுதிக் குடுக்கலாம்னார், நான்தான் வேணாம்னேன். இன்னொரு புகார் வந்தா உங்க வேலை போயிடும்ல. உங்ககிட்டயும் சொல்ல வேணாம், கை போச்சுன்னு தெரிஞ்சா அப்பா உடைஞ்சு போயிடுவார்னு சொன்னேன்."

பாய்லர்காரர் அருகிலிருந்த முக்காலியில் உட்கார்ந்தார்.

"தம்பிங்க குளிருதுன்னு அழுதுட்டே இருப்பாங்க. அதான் நான் ஃபேஷன் ஷோன்னு ஆரம்பிச்சேன். எல்லாரையும் ஹாலுக்குக் கூட்டிட்டு வந்து போர்வைக்குள்ள வெச்சேன். சித்தப்பா பாவம், கடையில கெஞ்சி ஸ்வெட்டரெல்லாம் எடுத்துட்டு வந்தார். நான் தினம் போகலைன்னா அவங்க என்னைக்கோ எழுதிக் குடுத்திருப்பாங்கப்பா." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அப்புறம் நெற்றி சுருங்கியது. "ஆனா கை நல்லா இருக்கே. அன்னைக்கு அங்க வந்து நீங்களும்தானே ஹீட்டரைத் தொட்டீங்க?"

ஏழில் இரண்டைத் தப்பாகச் சொல்லியிருந்தால் தப்பித்திருக்கலாம். கைத்திறமையைக் காட்டும் ஆசை மனுஷனை மாட்டிவிட்டது.

"வால்வுல அடைப்பு இருக்கும். போய்ப் பார்க்கறேன்" என்றார்.

"நானும் வரேன்."

வேண்டாம் என்று சொல்ல ஒரு காரணமும் கிடைக்கவில்லை. நான்கு மாடியையும் இருவரும் ஏறினார்கள். முன்னால் அவள், பின்னால் இவர். அலமாரியைத் திறந்தார். கதவின் உள்பக்கத்தில் பென்சில் எழுத்து: இடது, ஆறு. வால்வின் முள் இரண்டில் நின்றது.

அவள் எழுத்தைப் பார்த்தாள். முள்ளைப் பார்த்தாள். அவர் இடுப்பிலிருந்த சாவியைப் பார்த்தாள்.

"இதை யாருப்பா திருப்பினது?"

"நான்தான்."

"மறந்தாப்லயா?"

"இல்ல. தெரிஞ்சேதான்."

"எதுக்கு?"

"எனக்கு வயித்தெரிச்சல்." சொல்லிவிட்டால் லேசாகிவிடும் என்று நினைத்திருந்தார். லேசாகவில்லை. "உங்க சித்தப்பா மேல."

"ஸ்வெட்டருக்காகவா?"

"அதுக்கும்தான். அந்தக் கோட்டு, அந்தப் போட்டோ, எல்லாத்துக்கும்தான். நீ அங்கயே கிடந்தேல்ல. அதுக்கு."

"நான் உங்களுக்காகத்தானேப்பா அங்க கிடந்தேன்" என்றாள். குரல் உயரவே இல்லை. கையை நீட்டி, அவளே வால்வைத் திருகி ஆறில் வைத்தாள். குழாய்க்குள் தண்ணீர் ஏறுகிற சத்தம் கேட்டது.

பேச்சுச் சத்தத்தில் இடது பக்கக் கதவு திறந்தது. மரப் பொத்தான் ஸ்வெட்டரோடு சகலை நின்றான். அலமாரியைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"வந்துட்டீங்களாண்ணே. சொல்லக் கூடாதுன்னு இருந்தோம், நீங்களே கண்டுபிடிச்சிட்டீங்க. சரியாயிடுச்சா? நான்தான் சொன்னேன்ல பாப்பா, அப்பா கை எங்கயும் போகாதுன்னு."

இவர் எந்தக் காட்சிக்காகத் தவம் கிடந்தாரோ அது இதோ, மகளுக்கு எதிரிலேயே, தட்டில் வைத்து நீட்டப்பட்டிருக்கிறது. "ஆமா, சரியாயிடுச்சு" என்று சொன்னால் போதும். மகள் காட்டிக்கொடுக்க மாட்டாள் என்று அவருக்குத் தெரிந்தது. அவள் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"நான்தான் குறைச்சு வெச்சேன்" என்றார். "வேணும்னேதான். ஆறுல இருந்ததை ரெண்டுல கொண்டுவந்து வெச்சேன்."

சகலை சிரித்தான், கேலி என்று நினைத்து. பிறகு மகளின் முகத்தைப் பார்த்தான். சிரிப்பு நின்றது. உள்ளேயிருந்து சின்னவன் இருமினான். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு இருமுகிற இருமல். மச்சினி சகலையின் பின்னால் வந்து நின்றாள். எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள்.

"மூணு நாளா இப்படித்தான் இருமறான், மாமா" என்றாள்.

பாய்லர்காரர் தரையைப் பார்த்தார். திட்டுவான், கத்துவான், மாமனாருக்குப் போன் போடுவான் என்று காத்திருந்தார். சகலை உள்ளே திரும்பிச் சின்னவனை ஒரு தடவை பார்த்தான். பிறகு, "கதவைத் திறந்து வெச்சா இருக்கற சூடும் போயிடும்ண்ணே. நாம அப்புறமா பேசுவோம்" என்றான். அவ்வளவுதான். அந்த அளவுக்கு அடக்கமாகப் பேசவும் அவனுக்குத் தெரிந்திருக்கிறது. வெட்கத்தில் செத்துக்கொண்டிருந்த அந்த நேரத்திலும் அதற்காக ஒரு தடவை வயிறு எரிந்தது அவருக்கு.

"வா பாப்பா, நாம போலாம்" என்றார்.

அவள் அசையவில்லை. உள்ளே மறுபடியும் இருமல் கேட்டது.

"நீங்க போங்கப்பா. நான் தம்பிகிட்ட இருக்கேன்."

கதவு சாத்தப்பட்டது. அவர் அலமாரியைப் பூட்டினார். இந்த மூன்று வாரமும் அவள் அந்தக் கதவுக்குள் போனது அப்பாவுக்காக. இன்றைக்குப் போனது அப்பாவை விட்டு.